அக்கா கேட்ட கேள்வி

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கைக்குழந்தையாக மும்பைத் தாராவிக்கு வந்தவர். அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தார். பன்னிரண்டாவது முடித்ததும் துணி தைத்து எங்களைக் கரையேற்றியவர் அக்காதான். பிறகு, வீட்டில் அடி உதை படும் பெண்களுக்கான ஆலோசனை மையத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு ஒரு வழக்கம். கூட வந்த மாமியாரையும் அண்ணனையும் சாய் குடிக்க அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணிடம் மட்டும், “ஒனக்கு என்ன வேணும்?” என்று கேட்பார். “பொறுத்துப் போ” என்றும் சொல்ல மாட்டார், “விட்டுட்டு வா” என்றும் சொல்ல மாட்டார். பஞ்சாயத்து பேசித் தம்பதியைச் சேர்த்துவைக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்களுக்கு இது பிடிக்காது. அக்கா சிரித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் என் விஷயத்தில் மட்டும் சறுக்கினார். குர்லாவில் நாங்கள் குடியிருந்த வீட்டில் என் கணவர் அடிப்பதை நான் மறைத்திருந்தேன். ஒரு நாள் என் கை கன்றியிருந்ததைப் பார்த்தவர், ஒரு வார்த்தை கேட்காமல் என்னையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நான்காம் நாள் நான் திரும்பிப் போய்விட்டேன். அங்கே கணவர் சொன்னபடி இருந்தேன், இங்கே அக்கா சொன்னபடி. எனக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது.

அடி கூடியது. அக்கா என் மகளின் பள்ளி வாசலில் வந்து நின்றார்.

“ஏட்டி, ஊர்ப் பொம்பளைகளுக்கு ஒரு நியாயம், ஒனக்கு ஒரு நியாயம்னு பண்ணிட்டேன். கேக்காமத் தூக்கிட்டு வந்தது என் தப்பு. இப்பக் கேக்கேன், ஒனக்கு என்ன வேணும்?”

எனக்கு அழுகைதான் வந்தது. வாரா வாரம் வந்தார், அவசரப்படுத்தவே இல்லை. ஒரு நாள் சொன்னேன்: “மொதல்ல ஒரு வேலை வேணும்க்கா. அப்புறம் கோர்ட்டுக்குப் போணும். பிள்ள இதே ஸ்கூல்ல படிக்கணும்.” நான் சொன்ன வரிசையிலேயே எல்லாவற்றுக்கும் கூட வந்தார். இன்று நானும் மகளும் செம்பூரில் நிம்மதியாக இருக்கிறோம்.

அக்காவுக்குப் புற்றுநோய் வந்து, கடைசி நாட்களில், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று நாங்கள் வாதாடியபோது, “எங்கிட்டயும் ஒரு வார்த்த கேளுங்கப்பா, நாந்தான நோயாளி” என்று கேலி செய்தார். அவர் விரும்பியபடி வீட்டில்தான் கண் மூடினார். முறை வைத்து வந்து பார்த்துக்கொண்ட மையத்துப் பெண்களுக்கும், சாப்பாடு கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த சங்கத்துப் பெரியவர்களுக்கும் எங்கள் நன்றி.

“அடி வாங்குன கதையெல்லாம் நினைவு மலர்ல எதுக்கும்மா? குடும்ப மானம் என்னத்துக்கு ஆகும்?” என்று சித்தப்பா கேட்டார்.

“அடிச்சவரே கூச்சப்படல, நான் எதுக்குச் சித்தப்பா கூச்சப்படணும்?” என்றேன்.

 சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கத்துக்கு எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தார்.

– தங்கை