போசிக்குள் காய்ச்சிய நித்தியகல்யாணி

எங்கள் வீட்டுப் பரணில் ஓர் அலுமினியத் தூக்குப் போசி கிடக்கிறது. அதன் அடியில் இருக்கும் பச்சைக் கறை, என் மனைவி எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ஒரு காலத்தில் அந்தப் போசிக்குள் புற்றுநோய்க்கு மருந்து காய்ச்சிவிட்டேன் என்று மனதார நம்பிய மடையன் நான்.

எழுபதுகளில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சலவைப் பட்டறையில் எனக்கு வேலை. வாங்கிக் கொடுத்தவர் அங்கிருந்த கட்டிங் மாஸ்டர். அவருக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போனது. மூலம் என்று மோராகக் குடித்துப் பார்த்தார். கோயமுத்தூர் டாக்டரோ மலக்குடலில் புற்றுக்கட்டி, உடனே அறுக்க வேண்டும் என்றார். மாஸ்டர் எழுந்து வந்துவிட்டார். நாளெல்லாம் அடுக்கடுக்காகத் துணி வெட்டுகிறவருக்குக் கத்தியென்றால் அப்படியொரு பயம். "துணியத் தப்பா வெட்டுனா வேற துணி எடுத்துக்கலாம் கண்ணு. எனக்கு வேற வகுறு எங்க இருக்குது?" என்பார். அவர் கக்கூசுக்குள் போனால் வெளியே நிற்கும் எனக்கு வியர்க்கும். "ஏங்கண்ணு, உனக்கு அவசரமா?" என்று கேட்டபடி வருவார்.

அப்போதுதான் டீக்கடைப் பத்திரிகையில் பார்த்தேன்: நித்தியகல்யாணிச் செடியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்களாம். நாங்கள் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கும் அதே செடி. அவிநாசி ரோட்டோரச் சுடுகாட்டில், செத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒரு பை நிறைய இலை பறித்தேன். பட்டறையில் நான் கற்ற பாடம் ஒன்றுதான்: எவ்வளவு வேகிறதோ அவ்வளவு வெளுக்கும். இலையையும் துணி மாதிரியே அந்தப் போசியில் வேகவைத்துக் கருங்குழம்பாக்கி மாஸ்டரிடம் நீட்டினேன். கொடுத்த பிறகுதான், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று தோன்றியது. பிடுங்கி நானே முதலில் குடித்துவிட்டேன்.

குடல் வாய்வழியாக வந்துவிடும் போலிருந்தது. கோயமுத்தூர் பஸ்ஸில் மாஸ்டர் மடியில் தலைவைத்து, என் சைக்கிள் யாருக்கு என்று சொல்லத் தொடங்கினேன். "சைக்கிள் கெடக்குது. மொதல்ல மூச்ச உடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். "எனக்குன்னு காச்சுனதுங்க. இவன் முந்திக்கிட்டானுங்க" என்றார் மாஸ்டர். டாக்டர் சிரிக்காமல் விளக்கினார். மூட்டை மூட்டையான இலையிலிருந்து ஒரு சிட்டிகையைப் பிரித்து, அளந்து, ரத்தப் புற்றுக்கு ஊசியாகப் போடுகிறார்கள். பச்சை இலை விஷம். இந்தக் கட்டிக்கு அது மருந்துமில்லை என்றார். மாஸ்டர் என் கையில் ஏறிய குளுக்கோஸைப் பார்த்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"நான் ஆப்பரேசனுக்கு ஒத்துக்காட்டி அடுத்து எதக் காச்சுவானோ தெரியலீங்க" என்றார். "அளவெடுத்துட்டுத்தானுங்களே கத்தி வெப்பீங்க?"

இப்போது ஒரு சீன மரத்திலிருந்து பிரித்த பொருளில் செய்த மருந்தைக் குடல் புற்றுக்கே ஏற்றுகிறார்கள் என்று படித்தேன். படித்ததும் கண் பரணுக்குப் போனது. போசியை இறக்கிக் கறையைப் பார்த்ததும் வாய் கசந்தது. அன்று இலை எனக்கு வாந்தியைத் தந்தது. மாஸ்டரின் கட்டியைக் கத்திதான் எடுத்தது. அதன்பின் பல வருஷம் அவர் துணி வெட்டினார்.