ஆல்வின் ஒட்டாமல் போன ஜன்னல்

மே மாதக் கடைசியில் ஆற்றுப் பனி உடைந்து ஓடி முடிந்ததும், அந்த ஊரில் எல்லா வீட்டிலும் முதல் வேலை படுக்கையறை ஜன்னலில் அலுமினியத் தாளை ஒட்டுவதுதான். இனி ஆகஸ்டு வரை சூரியன் படுக்கப் போகாது. மனிதர்களாவது படுக்க வேண்டாமா?

வடதுருவப் பக்கம் ஓடும் யூக்கான் ஆற்றின் மேட்டுக்கரையில் இருந்த எண்பது வீடுகளும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டன. ஹில்டாவின் வீடு மட்டும் இந்த வருஷம் கண் திறந்தே கிடந்தது.

ஒட்டும் வேலை அவள் கணவன் ஆல்வினுடையது. இருபத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் ஹில்டாவை அவன் அந்தத் தாளைத் தொடவே விட்டதில்லை. "நீ ஒட்டினா ஊசி முனை அளவு ஓட்டை விட்டுருவே. சூரியன் அது வழியா வந்து என் மூக்கு மேலயே உக்காந்துக்கும்" என்பான். இந்த முறை பழைய தாளைக் கிழித்துப் போட்டான். கடலிலிருந்து பெரிய மீன் ஆற்றில் ஏறத் தொடங்கிவிட்டது என்று யாரோ சொல்லவும், வலை முகாமுக்குப் படகைத் தள்ளிவிட்டான்.

"ஒட்டிட்டுப் போயேன், ஆல்வின்."

"ரெண்டே நாள். வந்து ஒட்டறேன். அதுவரைக்கும் என் பழைய தொப்பிய மூஞ்சில கவுத்துக்க. அந்த நாத்தத்துல மயக்கமே வந்துரும்."

நான்காம் நாள் அவன் படகு இருபது மைல் கீழே கவிழ்ந்து கிடந்தது. ஊரே மூன்று வாரம் கொக்கி போட்டு ஆற்றைத் துழாவியது. உடல் கிடைக்கவில்லை. ஒரு சாயங்காலம் படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டார்கள். அடுத்தது நினைவு விருந்துதான். ஆனால் மனைவி வாய் திறந்து சொல்லாமல் அந்த ஊரில் யாரும் விருந்துக்கு அடுப்பு மூட்டுவதில்லை. ஹில்டா வாயைத் திறக்கவில்லை.

கோடையில் அந்த ஜன்னலை அவள் மூடியேதான் பார்த்திருந்தாள். படுத்த இடத்திலிருந்தே ஆற்றின் வளைவு முழுக்கத் தெரியும் என்பது இப்போதுதான் தெரிந்தது. வெள்ளையாக ஒரு ராத்திரி, அதன்பின் இன்னொன்று. தொப்பி தலையணை மேலேயே கிடந்தது. அதை முகத்தில் கவிழ்த்தால் வளைவு மறைந்துவிடுமே! கண் செருகும், வெளிச்சம் இமையைத் தட்டும், படகோ என்று எழுந்து உட்காருவாள். ஒட்ட வந்தவர்களையெல்லாம் ஒரே பதில் சொல்லித் திருப்பி அனுப்பினாள். "ஆல்வின் ஒட்டறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

ஹில்டா ஊர் மருத்துவ நிலையத்தின் சுகாதாரப் பணியாளர். பத்தொன்பது வருஷமாக அந்த ஊரில் யாருக்கு எந்த மருந்து ஆகும், ஆகாது என்பது அவளுக்கு மனப்பாடம். அந்த மூளைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கியது. கையில் வெப்பமானியை வைத்துக்கொண்டே அதைத் தேடினாள். ஒருநாள் ஒன்பது மணிக்கு அரக்கப்பரக்க வந்து நிலையத்தைத் திறந்தாள். எதிர்வீட்டு வாசலில் ஆல்வினின் தங்கை பெர்னடெட், சமைத்த பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, எங்க கெளம்பிட்டீங்க? இது ராத்திரி ஒம்போது. சூரியனப் பாத்து ஏமாந்துட்டீங்களா?" பெர்னடெட் சிரித்தாள். ஹில்டாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "வீட்டுக்குப் போய்த் தூங்குங்க அண்ணி. ஒரு வாரம் லீவு போடுங்க."

"வேலைக்கும் வரலேன்னா நான் எங்க போறது?"

ஜூலை முதல் வாரத்தில் பெர்னடெட் தன் நாலு வயது மகள் ரோசலியைத் தூக்கிவந்தாள். தொண்டை வீங்கி, காய்ச்சல். ஹில்டா கோப்பைத் திறந்தாள். வரிகள் தண்ணீரில் கிடப்பவை போல நெளிந்தன. ஊசி ஏற்றினாள். குத்தினாள்.

ஐந்து நிமிஷத்தில் குழந்தையின் உதடு தடித்தது. மூச்சு விசில் அடித்தது.

"அண்ணி! என்ன மருந்து போட்டீங்க?"

கோப்பின் முதல் பக்கத்தில், ஹில்டாவே சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதிய வரி இருந்தது: பெனிசிலின் கூடாது.

கை தானாக ஒவ்வாமைக்கான மாற்று ஊசியை எடுத்தது. தொலைபேசியில் நகரத்து டாக்டர் சொல்லச் சொல்ல, இரண்டாவது டோஸும் போட்டாள். விமானம் வந்து குழந்தையையும் பெர்னடெட்டையும் ஏற்றிக்கொண்டு போனபின், ஹில்டா மண் ஓடுதளத்திலேயே மண்டியிட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் பெர்னடெட் திரும்பி வந்தாள், தோளில் ரோசலியோடு. ஹில்டா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னை அடிச்சிரு, பெர்னடெட்."

"அடிக்கவா? அடிச்சா தீருமா? உங்க கையில குடுத்துட்டா என்ன மருந்துன்னு நான் பாக்கவே மாட்டேனே அண்ணி! அவ்வளவு நம்பிக்கை!" தாள் ஒட்டாத ஜன்னலைக் காட்டினாள். "அந்த ஆறு என் அண்ணன எடுத்துக்கிச்சு. இந்த ஜன்னல் என் பொண்ண எடுத்துக்கணுமா?"

ஹில்டா ஆற்றைப் பார்த்தாள். வளைவில் ஒன்றுமில்லை. எழுந்து, இத்தனை நாளும் யாரையும் தொட விடாத தாள் பெட்டியை ஜன்னலடியிலிருந்து எடுத்தாள். வெட்டக் கத்தரி கேட்டாள்.

கத்தரி தேவைப்படவில்லை. சுருளுக்குள் நாலு துண்டுகள் அளவாக வெட்டி மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலில் ஆல்வினின் கோணல் எழுத்து. 'இடது மேல்.' 'இடது கீழ்.' 'வலது மேல்.' 'வலது கீழ்.' வெட்டி வைத்தவனுக்கு ஒட்டத்தான் நேரம் இருக்கவில்லை.

அந்தத் துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, ஐந்து வாரங்களில் முதல் தடவையாக ஹில்டா வாய்விட்டு அழுதாள். பிறகு இரண்டு பெண்களுமாக ஒட்டினார்கள். கடைசித் துண்டு ஏறியபோது வளைவு மறைந்தது. தொப்பியை எடுத்து முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள்.

விழித்தபோது கும்மிருட்டு. கை பழக்கத்தில் பக்கத்து இடத்தைத் தடவி, வெறும் போர்வையில் நின்றது. இத்தனை நாள் தலைக்குள் இருந்த மூட்டம் விலகியிருந்தது. அந்த மூட்டத்துக்குள் எந்த நிமிஷமும் ஒரு படகு வளைவைத் திரும்பிவிட முடிந்தது. இப்போது படகு இல்லை. ஆல்வின் செத்துவிட்டான். அசையாமல், அதனோடு வெகுநேரம் படுத்திருந்தாள்.

சமையலறையில் பெர்னடெட் காபி கொதிக்க வைத்திருந்தாள்.

"எவ்வளவு நேரம் தூங்கினேன்?"

"பதினாறு மணி நேரம். ரெண்டு தடவ மூச்சு வருதான்னு வந்து பாத்தேன்."

"ரோசலிக்கு ஒண்ணரை வயசு அப்போ. மார்ச் மாசம், பனிப்புயல் அன்னிக்கு. அந்த மருந்து போட்டதும் முதுகெல்லாம் தடிச்சுப் போச்சு. அப்பதான் சிவப்பு மையில எழுதினேன். எல்லாம் ஞாபகம் வருது, பெர்னடெட்." கோப்பையை வாங்கியவள் குடிக்கவில்லை. "ஆல்வினுக்கு விருந்து வைக்கணும். ஊருக்குச் சொல்லிடு."

இந்த வார்த்தைக்காகவே காத்திருந்த பெர்னடெட், அதைக் கேட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

ரோசலி படுக்கையறைக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். வெயில் அடிக்கும் வாசலையும் அந்த இருட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தை, இங்க மட்டும் ராத்திரியா?"

"ஆமா கண்ணு" என்றாள் ஹில்டா. "மாமா வெட்டி வச்சுட்டுப் போன ராத்திரி."