படகில் ஏறாத பெரிய முகம்

ஸ்டிக்கர் வெட்டுவதுதான் என் தொழில். ஆட்டோ பின்கண்ணாடியில் பிள்ளைகள் பேர், மீன் வண்டியில் சாமி படம், பைக் டேங்கில் புலி. தண்டையார்பேட்டையில் ஓடுகிற வண்டியில் பாதி என் கை பட்டதுதான் என்று நானே சொல்லிக்கொள்வேன். யாரும் மறுத்ததில்லை. அதனால், ராயபுரத்தில் ஒரு பழைய சரக்குக் கிடங்கை வெள்ளையடித்துப் படக்கூடம் ஆக்கியிருந்த பிள்ளைகள் கடைக்கு வந்து, "அண்ணே, கொலாஜ் போட்டி வெக்கிறோம், நீங்கதான் ஜட்ஜு" என்றபோது எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. கொலாஜ் என்றால் என்ன என்பதுதான் தெரியவில்லை.

"கிடைச்சதை வெட்டி ஒட்டிப் படம் பண்றதுண்ணே."

"அடப்பாவி, அதைத்தானே நான் இத்தினி வருசமா பண்ணிகினு கீறேன்!"

இன்னொரு ஜட்ஜு, மாதவரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த டிராயிங் டீச்சர். ரிட்டையர் ஆனவர். ஒரு கையில் தண்ணி பாட்டில், ஒரு கையில் பூதக்கண்ணாடி. அதைப் பார்த்ததுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. எதையும் கிட்டப் போய்ப் பார்க்கிற ஆள் என்றால் எனக்கு எப்போதும் ஒரு இது.

விதிகள் சுலபம். காசு கொடுத்து வாங்கின பொருள் கூடாது, வீட்டிலோ தெருவிலோ கிடைத்ததாக இருக்க வேண்டும். படத்தில் பேர் இருக்காது, நம்பர் மட்டும். கடைசியாக ஒன்று: யாருடைய போட்டோவையாவது ஒட்டியிருந்து, அந்த ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தப் படம் சுவருக்குப் போகாது. வெள்ளிக்கிழமை நாங்கள் பார்த்து முடித்தால், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திறப்பு.

உடைந்த வளையலில் ஒரு மயில் இருந்தது. வண்ணாரப்பேட்டைத் துணிக்கடை பாய் ஒருவர் சட்டைக் காலர் லேபிள்களையே ஒட்டி ஒரு தெரு பண்ணியிருந்தார் (நம்பர்தான் போட்டிருந்தது, ஆனால் லேபிளைப் பார்த்தால் எந்தக் கடை என்று தெரியாதா?). சாம்பல் நிறத்தில் ஒரு வானம் இருந்தது. டீச்சர் விரலால் தொட்டார், விரல் கறுத்தது. "பெயின்ட் கூடாதுன்னு சொன்னீங்களேம்மா" என்றார்.

படங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பொண்ணு எண்ணூர்க்காரி. "பெயின்ட் இல்ல டீச்சர், பவர் ஹவுஸ் சாம்பல். எங்க பக்கம் மொட்டை மாடில துணி காயப்போட்டு உதறுனீங்கன்னா இந்த வானம் வந்துடும்" என்றாள். டீச்சர் விரலை முகர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

அடுத்து வந்ததுதான் படகு. நீலத் தார்ப்பாய்த் துண்டுகளில் கடல், வலைப் பிசிறில் அலை. நடுவில் ஒரு லாஞ்சு. விசைப்படகை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். அதன் மேல்தட்டு முழுக்க ஆட்கள். ஒவ்வொரு முகமும் கட்டைவிரல் அளவு. ஒருத்தர் கூலிங் கிளாஸில், ஒருத்தர் கை கூப்பி, ஒருத்தர் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சட்டையில். மீன் பிடிக்கப் போகிறவன் யார் இப்படி நிற்பான்? எனக்குத் தலை குடைந்தது. டிரைவர் நிற்க வேண்டிய கேபின் மட்டும் காலி. டீச்சர் தன் தாளில் "முடிக்கவில்லை" என்று எழுதினார்.

பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். முகங்களுக்குக் கீழே அரை எழுத்து, கால் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. புரிந்துவிட்டது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்!

எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் சுவரெல்லாம் அந்த போஸ்டர்தான். நடுவில் போனவர் முகம், பரங்கிக்காய் சைஸில். கீழே "துயரத்தில் வாடும்" தோஸ்துகளெல்லாம் வரிசையாகச் சின்னச் சின்ன முகமாக. யார் முகம் மேல் வரிசை, யார் முகம் கீழ் வரிசை என்று பிரஸ் வாசலில் சண்டையே நடக்கும். இந்தப் படகில் இருந்தது முழுக்க அந்த தோஸ்துகள். போனவரைக் காணோம். ஏன்?

அதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வாரம். வேலையில்லாத ஆட்கள் திறந்த கதவு எதுவாக இருந்தாலும் எட்டிப் பார்ப்பார்கள். ஒருவன் உள்ளே வந்து, பார்த்துக்கொண்டே நகர்ந்து, படகின் முன்னால் நின்றான்.

"இன்னா இது? இது நானு!"

ஐஸ் பெட்டி பக்கத்தில் நிற்கிற கூலிங் கிளாஸ், அவனேதான்.

"சாவு போஸ்டர்லருந்து வெட்டிக் கடல்ல வுட்டுகிறாங்கோ! திங்கக்கெழம நான் லாஞ்சு எடுக்கணும். இது இன்னா சகுனம்? தூக்குங்க அப்பால."

எண்ணூர்ப் பொண்ணு விதியைச் சொன்னாள். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவன் "வேணாம்" என்றான். அவள் படத்தில் கை வைத்தாள். டீச்சர்தான், "இரும்மா, பண்ணவங்களைக் கூப்பிடு, அவங்க முன்னால எடுக்கலாம்" என்றார்.

போன் போன கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா வேர்க்க விறுவிறுக்க வந்தார். வீட்டுச் சாவி கையிலேயே இருந்தது. அவரைக் கண்டதும் இவன் குரல் பாதியாகிவிட்டது.

"அண்ணி, நீயா?"

"பின்ன யாரு? உங்க அண்ணன் போஸ்டரு வேற எவ வூட்டுப் பரண்ல பண்டலா கீது?"

போன வருசம் மாரடைப்பில் போன லாஞ்சு டிரைவரின் மனைவி அவர். இவன் அதே லாஞ்சில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன்.

"சாவு போஸ்டரை வெட்டலாமா அண்ணி?"

"அவர நான் வெட்டல. உசுரோட கீறவங்களத்தான் வெட்டுனேன். அதுல இன்னா தப்பு?"

ஒரே தெருவில் பிறந்த இரண்டு பேர், ஒரே போஸ்டர். இவனுக்கு அதிலிருந்து வெட்டினாலே சாவு. அந்த அம்மாவுக்குப் போனவர் முகத்தைத் தொடாதவரைக்கும் எதுவும் தப்பில்லை. எது சரி என்று கேட்டால் என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது.

"ஞாயித்துக்கெழமயோட சரி, எல்லாரும் ஒண்ணா கரையில கீறது" என்றார் அந்த அம்மா. "திங்கக்கெழம போனீங்கன்னா ஒவ்வொருத்தரா எப்ப வருவீங்களோ. அவரோட நின்னவங்க எல்லாரையும் ஒண்ணா ஏத்தி, நீங்களே வந்து பாக்கணும்னு பண்ணேன். எடுக்க சொல்லாதப்பா."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் "சரி" என்று சொல்லவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, அந்த கேபின் ஏன் காலி?" என்றேன்.

"அவரு போஸ்டர அப்பிடியே மடிச்சி மேல வெச்சிப் பாத்தேண்ணே. படகே காணாமப் போச்சி. தலைய அவ்ளோ பெருசாப் போட்டுகிறாங்கோ. ஏத்துனா முழுகிடும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அந்த அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்து முடித்ததும் அவன் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணன் இல்ல. இப்ப லாஞ்ச ஓட்டறது யாரு?"

"நீதான்."

"நான் எங்க கீறேன்?"

"ஐஸ் பெட்டியாண்ட."

"டிரைவரு ஐஸ் பெட்டியாண்ட நின்னா, வண்டிய மீனா ஓட்டும்?"

சகுனம் போன இடம் தெரியவில்லை. பிரஸ் வாசல் சண்டைதான் இங்கேயும் வந்து நிற்கிறது என்று நினைத்தேன். அப்புறம் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அது வேறு மாதிரி இருந்தது. லாஞ்சை அவன் ஓட்டுகிறான் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். அவனை அந்த இடத்தில் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மா கையை நீட்ட, டீச்சர் தண்ணி பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அந்த அம்மா விரலை நனைத்து, படத்திலிருந்த அவன் முகத்தின் மேல் வைத்து, மைதாப் பசை ஊறும்வரை காத்திருந்தார். நகத்தால் நெம்பினார். கூலிங் கிளாஸோடு அவன் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தான். கேபினுக்கு நேராகக் கொண்டு போனார். அங்கே விரல் நின்றது. பிறகு கொஞ்சம் தள்ளி, கேபின் கதவு ஓரமாக வைத்து அழுத்தினார்.

"வாசல்ல நில்லு. உள்ள போறத அப்பாலிக்கா பாக்கலாம்."

"சரி அண்ணி."

"அண்ணே, அப்ப படம் இருக்கலாமா?" என்று அவனைக் கேட்டாள் எண்ணூர்ப் பொண்ணு.

"இருக்கட்டும், வுடு."

பரிசு அந்தச் சாம்பல் வானத்துக்குப் போனது. அதில் எனக்கும் டீச்சருக்கும் மறுபேச்சே இல்லை. "முடிக்கவில்லை" என்று எழுதினதை அவர் அடிக்கவும் இல்லை. "முடியலதானே" என்றார். ஆமாம், முடியவில்லைதான்.

ஞாயிற்றுக்கிழமை படகின் முன்னால்தான் கூட்டம். ஆளாளுக்குத் தன் மூஞ்சியைத் தேடிக்கொண்டு, "இன்னாடா உன்னைய ஓரமாத் தள்ளிட்டாங்கோ" என்று கலாய்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல் அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டி பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு வெளுத்த தழும்பு ஒன்று தெரிந்தது.

"இங்க யாருப்பா இருந்தது?" என்று ஒருவர் கேட்டார்.

"நான்தான் மாமு. பிரமோஷன்" என்றான் அவன். சொல்லிவிட்டு, யாரும் அடுத்ததாகக் காலி கேபினைப் பற்றிக் கேட்காதபடி, அதைத் தன் தோளால் கொஞ்சம் மறைத்துக்கொண்டு நின்றான்.