எலி கடிக்காத ஒயர்

பெரிய வீட்டுக் காரில் எது கெட்டாலும் டிரைவர் கைதான் கெடுத்தது என்றே பேச்சு தொடங்கும். திருநகர் விஸ்வநாத்தின் காரை ஓட்டும் சிவனாண்டிக்கு இது புதிதல்ல. டயரில் ஆணி ஏறினால்கூட, ஆணியைத் தேடிப் போய் ஏற்றியவர் போலத் தலைகுனிந்து நிற்பார்.

ஆயுத பூஜை முடிந்து சில நாளில் பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் இடது பக்கக் கண்ணாடி நின்றுபோனது. உள்ளே பொத்தானை அழுத்தினால் வலது கண்ணாடி சொன்னபடி திரும்பியது, இடது அசையவில்லை. "கையால மடக்கி உடைச்சிட்டுத் தெரியாதுங்கறியா?" என்றார் விஸ்வநாத். கடையில் காட்டிவரச் சொன்னவர், உடைத்திருந்தால் வேலையும் அத்தோடு சரி என்றார். ஐம்பதைத் தாண்டியவரை நம்பி இனி எவன் சாவி கொடுப்பான்? உசிலம்பட்டிப் பக்கம் இருந்த துண்டு நிலமோ மழை இல்லாமல் காய்ந்து கிடந்தது.

காளவாசலில் கார் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் முத்துப்பாண்டி கதவின் உள்பலகையைக் கழற்றினான்.

"பியூஸ் போயிருந்தா ரெண்டு கண்ணாடியும் நின்னுருக்கும்ணே."

கண்ணாடிக்கு வரும் பிளக்கில் டெஸ்ட் லைட்டை வைத்தான், எரியவில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்ததும் கண்ணாடி முனகிக்கொண்டு திரும்பியது.

"மோட்டார் நல்லாத்தேன் இருக்கு. கரண்டு நடுவுல எங்கயோ நிக்குது."

சிவனாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கதவுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒயர்கள் போகும் ரப்பர் குழாயை முத்துப்பாண்டி விரித்துப் பார்த்தான். குழாய் கிழிந்து உள்ளே ஒயர் அறுந்திருந்தது. பக்கத்தில் கதவுக் கீலில் ஒரு துண்டுக் கட்டுக்கம்பி, அதில் ஒட்டிக் காய்ந்த வாழைப்பட்டை.

பார்த்ததும் சிவனாண்டிக்குப் புரிந்துவிட்டது. போன வருடப் பூஜைக்கு அவர் நாரால் கட்டிய வாழைக் கன்று சிக்னலில் அவிழ்ந்து விழுந்து, அதன்மேல் லாரி ஏறிவிட்டது. அபசகுனம் என்று விஸ்வநாத்தின் மனைவி ஜகதாம்பாள் வருடம் பூராவும் புலம்பினாள். அதனால் இந்தத் தடவை விஸ்வநாத்தே கம்பியைக் கீலில் சுற்றி முறுக்கிக் கன்றைக் கட்டினார். பிறகு அவரே கன்றைப் பிடுங்கியபோது கம்பித் துண்டு உள்ளே தங்கி, கதவைச் சாத்தச் சாத்த ஒயரை அறுத்திருக்கிறது. பூஜையன்று காரைக் கழுவியதோடு சிவனாண்டியின் வேலை முடிந்தது. பூஜை வண்டியை இனி தொடாதே என்று கேட் ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள். கழுவிய பிறகு அன்றைக்கு அந்தக் காரில் அவர் கை படவே இல்லை.

முத்துப்பாண்டி ஒயரை இணைத்து டேப் சுற்றினான்.

"அண்ணே, எலி கடிச்சிருச்சுன்னு சொல்லிருங்க. எலி மேல யாரும் கோவப்பட மாட்டாக."

பிழைக்கத் தெரிந்தவன் அப்படித்தான் சொல்லியிருப்பான். சிவனாண்டி கம்பியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இம்புட்டு நாளா நாந்தேன் பொய்யன். இப்ப எலி மேல பழியப் போட்டு நெசமாவே பொய்யனாகவா? உள்ளதச் சொல்லப் போறேன் மாப்ள."

சொன்னார். கம்பியை விஸ்வநாத்துக்கு முன்னால் வைத்து, குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"சார், நீங்க கன்னு கட்டுன கம்பி. இதுதேன் ஒயர அறுத்துருக்கு."

விஸ்வநாத் கம்பியை எடுத்துப் பார்த்தார். ஜகதாம்பாள்தான் பேசினாள்.

"சாமிக்குக் கட்டினது வண்டியைக் கெடுத்துடுச்சாம். நல்ல நாள் பூஜையைக் குத்தம் சொல்றவன் இந்த வீட்டுக்கு ஆகாது."

"சாவியை வச்சிட்டுப் போ சிவனாண்டி" என்றார் விஸ்வநாத், கம்பியைக் குப்பைக் கூடையில் போட்டபடி.

உடைத்திருந்தால் போயிருக்கும் வேலை, உடைக்கவில்லை என்று காட்டியதால் போயிற்று. எலி என்று சொல்லாத வாயைச் சிவனாண்டி திட்டிக்கொண்டார். சாவியை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவர் கேட்டைச் சாத்தும்போது விஸ்வநாத் காருக்குள் உட்கார்ந்து பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கண்ணாடி மேலே திரும்பியது, கீழே திரும்பியது. ஒரு குறையும் இல்லை.