ஒரே தேதியில் எட்டு வருடம்

தையல் ஆலையிலிருந்து அவளைத் துரத்தியபோது நிர்வாகம் சொன்ன காரணம் 'வாய் நீளம்'. ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அந்த நீளமான வாய்க்கு இணையத்தில் ஓர் இடம் கட்டினாள். ஆலைப் பெண்கள் கூடிப் பேச ஒரு விவாத மன்றம். யாரும் சொந்தப் பெயரில் வரக்கூடாது என்பது முதல் விதி. ஊதா நூல், உடைஞ்ச ஊசி, கோணல் காலர் என்று ஆளுக்கொரு புனைபெயர். அவளுடைய நாத்தனார் இன்னும் அதே ஆலையில் பொத்தான் தைக்கிறாள். மன்றத்தில் அவள் 'எட்டாவது பொத்தான்'. சட்டைக்கு ஏழு பொத்தான்தான். எட்டாவது, யார் கண்ணிலும் படாமல் உள்மடிப்பில் கிடக்கும் உதிரி.

விரலில் ஏறிய ஊசி, கழிவறைக்கு அளந்து விட்ட மூன்று நிமிடம், புழுக்கத்தில் மயங்கி விழுந்தவள். எட்டு வருடத்துச் சேதி எல்லாம் தேதியோடு அதில் இருந்தது. அடுத்த மாதம், ஆலைமீது அவள் போட்டிருந்த மனுவுக்குத் தொழிலாளர் அதிகாரி முன் விசாரணை. நேரில் வந்து சாட்சி சொல்ல ஒருத்திக்கும் துணிவில்லை. அந்த மன்றம்தான் சாட்சி.

அந்த நேரம் பார்த்து, மன்றத்தை இலவசமாக நடத்தித் தந்த நிறுவனம் கடையை மூடுவதாகக் கடிதம் அனுப்பியது. முப்பது நாளில் வேறு மென்பொருள் பார்த்துக்கொள்ளுங்கள், வாழ்த்துகள் என்று. கழுத்தை அறுத்துவிட்டு வாழ்த்து வேறு.

மதிய இடைவேளைகளில் ஜெராக்ஸ் இயந்திரத்தின் சூட்டருகே உட்கார்ந்து, மென்பொருள் ஒப்பீட்டுப் பட்டியல்களைப் படித்தாள். வண்ணம் மாற்றலாம், பதக்கம் கொடுக்கலாம், சிரிப்பு முகங்கள் நூற்றைம்பது. பேசினால் வேலை போய்விடும் என்று இருப்பவர்களுக்கு எது சரிப்படும் என்று ஒரு கட்டம்கூட இல்லை. பட்டியல் போட்டவனுக்கு அந்தப் பயம் வந்ததே இல்லை போலும்.

கடைசியில் தேறியது இரண்டு. முதலாவது பழைய பதிவுகளைத் தேதி பிசகாமல் ஏற்றும். ஆனால் எழுதியவள் செல்பேசி எண் கொடுத்தால்தான் ஏற்றும். அந்த எண் புனைபெயருக்குப் பக்கத்திலேயே நிற்கும், மறைக்க வழியில்லை. இரண்டாவது யாரையும் எதுவும் கேட்காது. ஆனால் பழைய பதிவு அத்தனைக்கும் ஏற்றிய நாளின் தேதியையே போட்டுவிடும். இரண்டு நிறுவனத்துக்கும் எழுதிக் கேட்டாள். "உங்கள் உறுப்பினர்களை மகிழ்விக்கக் காத்திருக்கிறோம்" என்று இரண்டிலிருந்தும் தானியங்கிப் பதில் வந்தது.

கைவசம் ஜெராக்ஸ் கடை இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அச்சடித்து, கட்டாகக் கட்டி அதிகாரியிடம் கொண்டுபோனாள்.

"ஏம்மா, பேப்பர்ல யாரு வேணா எந்தத் தேதி வேணா போடலாம். விசாரணை அன்னிக்கு கம்ப்யூட்டர்ல காட்டு."

"அதுக்குள்ள மூடிடுவாங்க சார். விசாரணைய முன்னாடி வைங்களேன்."

"உனக்காகக் காலண்டரைக் கிழிக்கச் சொல்றியா?"

ஆலை முதலாளி கேட்டபோது இதே விசாரணை மூன்று முறை தள்ளிப்போயிருக்கிறது. அப்போது காலண்டர் தாராளமாகக் கிழிந்தது.

மன்றத்திலேயே கேட்டாள், எதை எடுப்பது என்று. அறுபத்து மூன்று பேர் படித்தார்கள்; ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மறுநாள் நாத்தனார் மட்டும் கடைக்கு வந்தாள்.

"அண்ணி, என் நம்பரைப் போட்டுக்கோங்க."

"போட்டா அடுத்த நாளே நீ வெளிய. மூணு புள்ளைங்களுக்கும் யாரு சோறு போடுவா, உங்கண்ணனா?"

"அவரு போட்டுட்டாலும்!" நாத்தனார் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ நாங்க எழுதினதெல்லாம் பொய்யாயிடுமா அண்ணி?"

அண்ணி, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த காகிதக் கட்டைத் தட்டித் தட்டி ஒழுங்கு செய்தாள்.

முப்பதாம் நாள், எண் கேட்காத இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். தேர்ந்தெடுத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைத்து, 'உங்கள் விருப்பம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள்.

விசாரணையில் ஆலை வக்கீல் திரையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரே நாள்ல நாப்பத்தோரு பேர் மயக்கம், நூத்திப்பன்னெண்டு விரல்ல ஊசி! சார், இது ஆலையா, போர்க்களமா?" அதிகாரியும் சிரித்தார். மனு தள்ளுபடி.

அன்று மாலை புதிய மன்றத்தில் எட்டாவது பொத்தான் எழுதியிருந்தாள்:

"நாப்பத்தோரு பேர் விழுந்த அன்னிக்கும் டார்கெட்டை முடிச்சுக் குடுத்துட்டோம் பாருங்க அண்ணி."

கீழே தேதி சரியாக விழுந்திருந்தது. அண்ணி அதை இரண்டு முறை பார்த்தாள். பிறகு, யார் கண்ணிலாவது படுமுன், எழுதியவளைக் காட்டிக்கொடுக்கும் அந்தக் கடைசி 'அண்ணி'யை மட்டும் அழித்தாள்.