பெயரைச் சொன்னதும் போன வீடு

அன்புவழிபுரத்தில் டிலக்ஷியைத் தெரியாதவர்கள் குறைவு. நிலாவெளி பஸ்ஸில் வெள்ளைக்காரருக்காக ஒரு கிழவரை எழும்பச் சொன்ன கண்டக்டரிடம், "ஏன், ஐயாவுக்குக் காலில்லையோ?" என்று கேட்டு அவரைத் திரும்ப இருக்க வைத்தவள். ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை. வயது இருபது. வின்சன்டுக்கும் றோஸுக்கும் ஒரே பிள்ளை. ஒரே பிள்ளை என்பதை அழுத்தித்தான் சொல்கிறேன். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

வின்சன்டின் வளவுக்குள் இரண்டு அறையும் குசினியுமாகச் சின்ன வீடு ஒன்று இருக்கிறது. போன வருடம் அது காலியானது. டிலக்ஷியோடு கணினி வகுப்பில் படித்த மின்ஹாவின் தாய் ஸாலிஹா ஒரு தாதி. மூதூரிலிருந்து இடமாற்றம் வந்து, வாடகை வீடு தேடி அலைந்துகொண்டிருந்தார். டிலக்ஷிதான் மின்ஹாவிடம், "எங்கட சின்ன வீடு சும்மா கிடக்குது. உம்மாவை அப்பாவோட கதைக்கச் சொல்லு" என்று நம்பரைக் கொடுத்தாள்.

ஸாலிஹா வின்சன்டுக்குப் போன் எடுத்தார். வாடகை, தண்ணீர், கேற் சாவி எல்லாம் கதைத்தாயிற்று. வின்சன்ட் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். கடைசியில் பெயரைக் கேட்டார். எங்கள் பக்கத்து வாடகை வீடுகள் அப்படித்தான். பெயரைச் சொல்லும்வரை இருக்கும், சொன்னதும் போய்விடும். வீட்டுக்காரர் சைவம் என்றால் "நீங்கள் மாடு சமைப்பியள்" என்று ஒரு சாட்டுச் சொல்வார்கள். கிறிஸ்தவரான வின்சன்டால் அதுவும் முடியாது. நத்தாருக்கு அவர் வீட்டுச் சட்டியில் கொதிப்பதும் அதுதான். அதனால் ஒரே மூச்சில் ஒரு மகனைப் பெற்றெடுத்தார். "மகன் பிரான்ஸிலயிருந்து வாறார், வீடு தேவைப்படுது" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அடுத்த வகுப்பில் மின்ஹா வந்து, "உனக்கு எப்ப அண்ணன் பிறந்தவர்?" என்று கேட்டாள். அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

டிலக்ஷி அப்பாவிடம் கேட்டாள். "எல்லாரும் செய்யிறதுதானே, பிள்ளை" என்றாராம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வாங்கில் இருக்கிற மனிதர்.

இந்த நேரத்தில்தான் டவுனில் ஒரு நிறுவனம் 'இனவாதத்தை வெல்வோம்' என்று இளையோருக்குக் கட்டுரைப் போட்டி வைத்தது. இந்தப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. தமிழ்ப் பிள்ளைக்கு ஒன்று, சிங்களப் பிள்ளைக்கு ஒன்று, முஸ்லிம் பிள்ளைக்கு ஒன்று என்று பரிசைப் பங்கு போடுவார்கள். இனவாதத்தை வெல்லப் போகிறவர்கள் முதலில் செய்கிற வேலை, பிள்ளைகளை இனம் பிரிப்பது. ஒவ்வொரு பிள்ளையும் மற்ற இனம் தனக்குச் செய்த அநியாயத்தை எழுதி, கடைசிப் பந்தியில் மன்னித்துவிட வேண்டும். இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பரிசு கிடைத்த கட்டுரைகளைப் பாருங்கள், எல்லாம் ஒரே அச்சு.

டிலக்ஷி தன் கட்டுரையை என் கொமினிகேஷன் கடையில்தான் டைப் செய்தாள். பிரின்ட் எடுத்தபோது வாசித்தேன். வீடு, போன், பிரான்ஸ் மகன், அப்பாவின் பெயர், எல்லாம் இருந்தது.

"பேர் போடத்தான் வேணுமோ?" என்று கேட்டேன்.

"போடாட்டி அது ஆரோ ஒரு அப்பா, றஜிதாக்கா. மின்ஹாவும் எழுதியிருக்கிறாள், விழாவுக்கு வருவாள். அவள் கேக்கோணும். எனக்கு அது காணும்."

சில வாரம் கழித்து, என் கடையில் அவள் நிற்கும்போது, போட்டி இணைப்பாளர் பிரதீபன் என்பவர் அவளுக்குப் போன் எடுத்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். தமிழ்ப் பக்கத்துப் பரிசு அவளுக்காம். "ஆனா தங்கச்சி, வீடு குடுக்காத ஆள் தமிழர் எண்டு வந்தா எங்கட சனத்துக்குப் பிழையாப் போகும். நீங்கள் சண்டைக்குள்ள சம்பூரால ஓடினதைப் பற்றி எழுதலாமே?"

"எங்கட வீடு சம்பூரில்ல. நான் அப்ப கைக்குழந்தை, ஏணைக்குள்ள கிடந்தனான்."

"அப்ப இதையே கொஞ்சம் மாத்துவமோ?"

"ஏலாது அண்ணை. இருந்தபடி வாசிக்கிறதெண்டா வாசியுங்கோ, இல்லாட்டி விடுங்கோ."

"சரி, பாப்பம்" என்றார். அந்தச் சொல்லை அவள் நம்பினாள்.

விழாவுக்கு வின்சன்ட் புதுச் சேர்ட் போட்டு வந்தார். கட்டுரையில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மின்ஹா தாயோடு பின்வரிசையில் இருந்தாள். அறிவிப்பாளர் பரிசுக் கட்டுரைகளை அச்சடித்த புத்தகத்தைத் திறந்து, டிலக்ஷியின் பெயரைச் சொல்லி, கட்டுரையை வாசித்தார்.

அதில் கிண்ணியாவில் ஒரு தமிழ்க் குடும்பம் வாடகை வீடு தேடி அலைந்தது. பெயரைச் சொன்னதும் ஒரு முஸ்லிம் வீட்டுக்காரர், மகன் கட்டாரிலிருந்து வருகிறான் என்று போனை வைத்தார். கடைசிப் பந்தியில் அந்தத் தமிழ்ப் பெண் அவரை மன்னித்தாள்.

பக்கத்தில் வின்சன்ட் தலையை ஆட்டிக்கொண்டு, "ஒரு குடும்பத்தை இப்பிடி அலைய விடுறதே? மனுசரே இவங்கள்?" என்றார். உண்மையாகவே கோபப்பட்டார். அவருடைய சொந்தப் பொய் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த மனிதரை அங்கேயே வைத்துக் கேட்கலாம் என்று வாய் வந்தது. அதற்குள் டிலக்ஷி மேடையில் ஏறிவிட்டாள்.

பரிசை வாங்கவில்லை. மைக்கைத்தான் வாங்கினாள். "இது நான் எழுதினதில்லை. கிண்ணியாவில ஒருத்தரும் எங்களுக்கு வீடு இல்லையெண்டு சொல்லேல்ல. இல்லையெண்டு சொன்னது அன்புவழிபுரத்தில, என்ர அப்பா. கேட்டது மின்ஹாட உம்மா" என்றாள். பிரதீபன் ஓடிவந்து மைக்கை நிற்பாட்டினார். வின்சன்டின் கையில் போன் இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

டிலக்ஷி இறங்கி வர, நாங்கள் வாசலுக்குப் போனோம். மின்ஹாவும் தாயும் எழுந்து வந்தார்கள். வாசலில் எங்களைக் கடக்கும்போது மின்ஹா டிலக்ஷியைப் பார்த்து, "கேட்டனான்" என்றாள். வீடு தராதவருக்காக அவள் வேறென்ன சொல்ல வேண்டும்?

திரும்பும்போது ஒரே ஆட்டோவில் வந்தோம். கடற்படைத்தளம் தாண்டியதும் வின்சன்ட், "நடந்ததைத்தான் சொன்னாய், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. அதை அவையளுக்கு முன்னால சொல்ல வேணுமோ?" என்று கேட்டார்.

டிலக்ஷி திரும்பிப் பார்த்தாள்.

"மின்ஹாவுக்கும் உம்மாவுக்கும் அது எப்பவோ தெரியும், அப்பா. நான் உங்களுக்குத்தான் சொன்னனான்."