வலி வரக் காத்திருந்த மதியம்

முதுகில் போடும் மரப்பு ஊசியில் துளி அட்ரினலின் சேர்த்தால் ஆபரேஷனுக்குப் பிறகும் வெகுநேரம் வலி தெரியாது என்று படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தூத்துக்குடியில் நான் பயிற்சி டாக்டர். மயக்க டாக்டரை நச்சரித்து அனுமதி வாங்கி, சங்கு குளிக்கும் சூசைக்குக் குடலிறக்க ஆபரேஷனில் அதைச் சேர்த்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மதியம், "வலி இருக்கா?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"வலி இல்லய்யா. காலே இல்ல. என்கூட முதுகுல ஊசி போட்ட அடுத்த கட்டில்காரன் அப்பவே கால ஆட்டிட்டான்."

கடலில் சூசை மூழ்கும்போது மேலே படகில் அவருடைய கயிற்றைப் பிடித்திருப்பவர் அவர் மனைவியின் அண்ணன். தங்கச்சி தாலியை நினைத்துக் கைவிடமாட்டார் என்றுதான் அந்த வேலையை மச்சானுக்குக் கொடுப்பார்களாம். அந்த மச்சான் கட்டிலருகே நின்று சூசையின் கால்விரலை அழுத்தி அழுத்திக் கேட்டார்: "தெரியுதா மாப்ள?"

"இல்ல மச்சான்."

"சரியாயிரும்," என்றேன்.

"எப்பய்யா?"

எனக்குத் தெரியவில்லை. போட்ட மருந்தைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. நானும் மற்றக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாலு மணிக்குச் சூசை முகம் சுளித்தார். "வலிக்குதுய்யா," என்று சிரித்து, கால்விரலை அசைத்தார். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வலியை மட்டுமே நான் நினைத்திருந்தேன். காலை நம்பிப் பிழைக்கிறவரை நினைக்கவே இல்லை.

திங்கட்கிழமை இன்னொருவருக்கு அட்ரினலினைக் குறைத்துச் சேர்க்கப்போகிறோம். கால் எவ்வளவு நேரம் மரத்திருக்கும் என்பதை, ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன்.